உப்பு சேர்க்காமல்

ஒரு வயது வரை உப்பே வேண்டாம் என்று
எழுதிக் கொடுத்திருக்கிறார் ஜெசிந்தா டீச்சர்,
அங்கன்வாடி அட்டையின் பின்பக்கம்,
'உப்பே' என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டு.

சின்னப்பாலத்தில் இதற்கு எங்கே போக?
சுவர் உப்பு. கொடியில் காயும் துணி உப்பு.
கதவுக் கொண்டியை நக்கினால் உப்பு.
என் மகள் குப்புற விழப் பழகியதே
வலைக்குவியல் மேல்தான்.

திருக்கை முள் ஏறிய கால்
இன்னும் செருப்புக்குள் போகவில்லை.
அதனால் இந்த அமாவாசைக்கு நான் வீட்டில்,
நம்புசெல்வி கடலில்.
விடிந்ததும் டம்ளரில் பீய்ச்சி மூடிவைத்து
விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.
மரிக்கொழுந்துப் பாசி லேசில் பாறையை விடாது.
ஒரு சாக்கு நிறைய எத்தனை முங்கு என்று
அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பாலாடை என் கைக்குச் சின்னது.
நண்டு வலை கழித்துப் பழகிய விரல் நடுங்கி
முதல் நாள் பாதிப் பால் கழுத்து மடிப்பில் போனது.
துணியால் துடைக்க மனம் வரவில்லை.
விரலால் வழித்து வழித்து வாயில் வைத்தேன்.

பத்தரைக்கு டம்ளர் காலி.
"தண்ணியாவது ரெண்டு சொட்டு விடேன்,
ஆம்பளைக்கு என்ன தெரியும்" என்றது பக்கத்து வீடு.
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
ஆறு மாதத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
நொண்டிக்கொண்டே தூக்கிப் போனேன் கரைக்கு.

எழுந்து வந்தாள்,
என் பழைய முழுக்கைச் சட்டை உடம்போடு ஒட்ட.
அழுகைச் சத்தம் காதில் விழுமுன்பே
தண்ணிக்கடியில் பால் கட்டி ஒழுகிவிட்டதாம்.
"கடலுக்கும் கொஞ்சம் ஊட்டிட்டேன்" என்றாள்.
குடம் பதினைந்து ரூபாய்த் தண்ணீரில்
ஒரு பாட்டில் மார் கழுவப் போனது.
அப்படியும் எங்கோ ஒட்டியிருந்திருக்கிறது.
வாய் வைத்தவள் முகம் சுளித்து
அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள்.
பிறகு விடவே இல்லை.

ஒன்பது நாள் போனது.
கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து
கட்டி தட்டாமல் கிண்டினேன்,
உப்பு டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டு.
முதல் வாய் துப்பினாள். இரண்டாவதும்.
மூன்றாவதற்கு முன்
என் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து
சப்பினாள், கண்ணை மூடிக்கொண்டு,
அப்படி ஒரு ருசியாக.

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிய விரல்தான், டீச்சர்.
அதற்கு மேல் நான் என்ன செய்ய.