மூன்று மில்லி ஆழம்

பலகையில் ஆறு போட
முதலில் ஆற்றை வற்ற வைக்க வேண்டும்.
திருப்பூரில் அது ஒரு வேலையே இல்லை.

எட்டடிக்கு நாலடி ப்ளைவுட்,
கிழக்கு ஜன்னலை ஒட்டி.
எண்பத்தேழில் ஒரு பங்காய்ச் சுருங்கிய தண்டவாளம்,
ஐந்து கண் பாலம்
(எந்த ஊர்ப் பாலம் என்று கேட்காதீர்கள்,
இன்னும் முடிவாகவில்லை)
அதன் கீழே நொய்யல்.

மணல் நிஜ மணல். டீ வடிகட்டியில் சலித்தது.
பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை மிக்சியில் அடித்து
மங்கிய பச்சை ஏற்றினால்
சீமைக் கருவேலம்.
மிக்சியைப் பற்றி சம்பத் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

தண்ணீரில்தான் மாட்டிக்கொண்டேன்.

சாயப்பட்டறை லேப்பில் பதினேழு வருஷம்.
பையர் அனுப்பும் துணித்துண்டை
ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பினால் போதும்,
சிவப்பு அரைப் புள்ளி தூக்கல் என்பேன்.
மெஷினும் அதையே சொல்லும், கொஞ்சம் தாமதமாக.
அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு
தண்ணீர் என்ன நிறம் என்று தெரியவில்லை.

நீலம் கலந்தேன். காலண்டர் ஆறு.
சுரண்டி எடுத்தேன்.

அப்புறம் நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்து ஆற்றைக் கலந்தேன்.
அது மனப்பாடம்.
எந்த நாட்டுக்கு எந்த நிறம் போகிறதோ
அந்த வாரம் ஆறும் அதே நிறம்.
நேவி மூன்று சொட்டு, கறுப்பு அரைச் சொட்டு,
என் கையெழுத்தில் இருந்த ரெசிபிதான்.
பேப்பர் கப்பில் அச்சு அசலாக வந்தது.
ஒரு திருத்தமும் தேவையில்லை.
கப்பைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டு
கீழே போய்ச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன்.
சாப்பாடு இறங்கவில்லை.

பிறகுதான் பிடிபட்டது:
நிறம் தண்ணீரில் இல்லை, தரையில் இருக்கிறது.
நடுவில் அடர்ந்த பழுப்பு, ஓரத்துக்கு வர வர மணல்,
இரண்டும் சேரும் இடத்தில்
ஈரத் தூரிகையால் ஒரு குழப்பம்.
அதன்மேல் ஊற்றுவது வெறும் தெளிவு.
மூன்று மில்லிதான்.
கண் அதை ஆளுயரமாக்கிக்கொள்ளும்.

ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு.
மெதுவாகக் கலக்க வேண்டும்.
கோபத்தில் கலக்கினால் அத்தனையும் குமிழியாகி நிற்கும்.
எழும்பும் குமிழிகளை
ஹேர் டிரையரால் ஒவ்வொன்றாக உடைத்து,
தூசி விழாமல் பழைய சேலையைக் கூடாரம் கட்டி
பத்து மணிக்குப் படுத்தேன்.

ஐந்து மணிக்குக் கதவு.
கீழ்வீட்டு மாரக்காள், கையில் ஒரு துண்டோடு.
துண்டு தானாக நிற்கிறது.
"ஏனுங், கொடியில காயப்போட்டது
ராத்திரியோட வெறைச்சுப் போச்சுங்.
மேல என்னத்த ஊத்துனீங்?"

பலகை ஓரம் டேப் ஒட்டி அணை கட்டியிருந்தேன்.
அணை விட்டுவிட்டது.
அரை லிட்டர் நொய்யல்
ஜன்னல் கட்டையில் ஏறி, சன்ஷேடில் விழுந்து
இருட்டில் கிழக்கே போயிருக்கிறது.
திசை மறக்கவில்லை பாருங்கள்.

துண்டுக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை.
என்னதான் பண்ணுகிறேன் என்று பார்க்க
மேலே வந்தாள்.

ஆறு ஒரு மில்லி இறங்கியிருந்தது.
இறங்கிய இடமெல்லாம் ஈரத்தடம்,
பாறை இடுப்பில் பளபளப்பாய் ஒரு கோடு.
எந்தத் தூரிகையாலும் எனக்கு வராதது.

மாரக்காள் குனிந்தாள்.
பாலத்துக்குக் கீழே, பழுப்பு அடர்ந்த இடத்தில்
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"இந்த எடம் ஆழமுங்களா?"

மூன்று மில்லி என்று சொல்ல வாயெடுத்து
"ஆமாங்" என்றேன்.

அவள் போன பிறகு வண்டியை ஓட்டினேன்.
ஏழு சரக்குப் பெட்டி, பாலத்தின்மேல்.
கீழே ஏழும் தலைகீழாக வந்தன,
ஐந்தாவது மட்டும் குமிழியில் கொஞ்சம் கோணி.

பலகை ஓரத்தில்
விழப்போய் இறுகிய சொட்டு ஒன்று
இன்னும் தொங்குகிறது.
வெட்டவில்லை.
சம்பத் அதில் சாவிக்கொத்தை மாட்டப் பார்த்தார்,
கையைத் தட்டிவிட்டேன்.