நூற்றியெழுபத்து நான்கு முடிச்சு

ஆறு கிலோமீற்றர் என்றிருந்தது அவர்களுடைய தாளில்.
களப்புக்குக் குறுக்கே, கொக்குக்கு
அது சரி.
எங்கள் பிள்ளைத்தாய்ச்சிகள்
இன்னும் பறக்கப் பழகவில்லை.

மாசியில் ஒரு சனிக்கிழமை
விடியமுன் வெளிக்கிட்டோம், ஒன்பது பெண்கள்.
நூறு மீற்றர் நைலோன் கயிறு,
நவமலரின் புருசன் வலைக்கென்று வாங்கிவைத்தது.
அவனுக்குச் சொல்லவில்லை. மறுகா சொன்னோம்.
ஒருத்தி நுனியோடு முன்னால் போவாள்.
ஒருத்தி அடியை மிதித்துக்கொண்டு நிற்பாள்,
கயிறு இறுகியதும் கூக்காட்டுவாள்.
நான் பின்னால், சணல் ஒன்றில்
முடிச்சுப் போட்டபடி.
சங்கச் செயலாளர் வேலை இப்படியும் இருக்குமென்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பதினேழாம் முடிச்சு வரை மணல்.
அதற்கப்பால் கிரவல், சூடு ஆறாத யானை லத்தி.
முப்பத்தெட்டில் பாலம் இருக்கவேண்டிய இடம்.
மாரியில் அங்கே நெஞ்சளவு தண்ணீர்,
கோடையில் சேறு,
வரைபடத்தில் பாலம்.

நூற்றிப் பன்னிரண்டில்
தங்கப்பிள்ளை கயிற்றைக் கீழே வைத்தாள்.
ஒரு பாலை மரம். மரத்தின் கீழ் ஒன்றும் இல்லை.
போன ஐப்பசியில் லேண்ட்மாஸ்டர் பெட்டிக்குள்
மழைக்கு உரப்பையை விரித்துப் பிடித்து
மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவள் அவள்.
பிள்ளை அழவே இல்லை.
"இதிலே இறுக்கிப் போடுகா" என்றாள்.
போட்டேன்.
நகம் வைத்தாலும் இனி அவிழாது.

வாகரை ஆஸ்பத்திரி வாசலில் நூற்றியெழுபத்து நான்கு.
பதினேழரைக் கிலோமீற்றருக்கு நூறு மீற்றர் குறைவு.

ஐயா நல்லவர்தான், தேநீர் சொன்னார்.
"அறிக்கையாகத் தாருங்கோ அம்மா,
இரண்டு பிரதி, பின்னிணைப்போட."
தந்தோம்.
கொப்பித்தாளில் துர்ஷிகா எழுதியது:
கிழமைக்கொரு கிளினிக், எங்கள் ஊரிலேயே.
இரவில் கர்ப்பிணிக்கு வண்டி.
பாம்புக்கடி மருந்து தீராமல்.
தேன், உடும்பு என்று கேட்டுச் சிரிக்காத
ஒரு மருத்துவமாது.
கீழே கையெழுத்து முப்பது, கைநாட்டு பதினொன்று.
பின்னிணைப்பு ஒன்று: சணல்.

மேசையில் குவித்தோம்.
அவர் ஒரு நுனியை எடுத்து எண்ணத் தொடங்கினார்.
இருபதில் தொலைபேசி.
மறுபடி ஒன்றிலிருந்து.
எங்களுக்கு அவசரமில்லை,
பஸ் மூன்றரைக்குத்தான்.

இதற்கிடையில் ஒரு படிவம். இனம் என்றொரு கட்டம்:
தமிழர், சிங்களவர், முஸ்லிம், வேறு.
துர்ஷிகா கடைசிச் சொல்லில்
று-வை வெட்டினாள், பக்கத்தில் டர் எழுதினாள்.
எழுதுவினைஞர் எட்டிப் பார்த்து
"வேறு படிவம் இல்லைப் பிள்ளை" என்றார்.
"தேவையில்லை" என்றாள்.

வைகாசியில் கடிதம் வந்தது.
இரண்டு கிழமைக்கு ஒரு புதன்.
வண்டி பரிசீலனையில்.
பாம்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முதல் புதன், பத்தரை மணி.
வெள்ளைச் சட்டை முழங்கால்வரை சேறு,
ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் தராசு.
"முப்பத்தெட்டிலே ஸ்கூட்டி நிண்டுபோச்சு" என்றாள்
வந்த பிள்ளை.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
அந்த எண்ணை அவளுக்கு
நாங்கள் சொல்லவில்லை.

தங்கப்பிள்ளை வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள்.
அவள் கால் கழுவுமட்டும் பொறுத்திருந்து
கேட்டாள்:
"அந்தச் சணலை எங்கே பிள்ளை வச்சிருக்காங்க?
அதிலே ஒரு முடிச்சை
யாரும் அவிழ்த்துப் பார்த்தாங்களா?"