கட்டு பதினேழு, கடைசி ஓலை

துய்மா வீதி, மாடி அறை. மூன்று மணிக்குப் போன கரண்ட்
இன்னும் வரவில்லை.
புல்தைலம் தொட்டுத் துடைக்கத் துடைக்க
கிரந்தம் கறுத்து மேலெழுகிறது.

சூரியனின் வமிசமாம்.
குதிரை மிதித்த இடமெல்லாம் நாடாக்கியவனுக்கு
நாற்பது சுலோகம்.
அவன் பேரனுக்கு மலை, மேகம், மதயானை;
அடுத்தவனுக்கும் அதே யானை.

கடைசி அரசனுக்கு உவமை ஏதுமில்லை.
'இருமினான்.' அவ்வளவே.
சாம்பல் ஆறுமுன்
கர்ப்பிணி ராணியை அரியணையில் அமர்த்துகிறார்கள்.
அப்புறம்

கரையான் துளை.
சன்னலோரம் தூக்கிப் பிடித்தேன்:
துளைக்குள் கொஞ்சம் கடல்,
பாதி ஃபைபர் படகு.

கீழேயிருந்து செலஸ்தின் கத்துகிறாள்,
படிவத்தில் ஒரு கட்டம் காலியாம்.
நூல் முழுமையா, குறையா?

பேனாவை மூடி வைத்தேன்.
ராணிக்கு இப்போதுதான்
எட்டாம் மாதம்.