பயன்பாட்டில் இல்லாத ஓடை

குறிப்பெழுதுவது என் வேலை.
மறுபரிசீலனைக் குழு கூடும் அறையில்
மின்விசிறிக் காற்று எட்டாத நாற்காலி என்னுடையது.
யார் எவ்வளவு கத்தினாலும்
'விவாதிக்கப்பட்டது' என்று எழுதுவேன்.
அழுதாலும் அதே சொல்தான்.
பதினோரு வருடமாக
அந்த ஒரு சொல் எனக்குச் சோறு போடுகிறது.

அன்றைக்கு வந்தது தீர்மானம் நூற்றுப் பதினான்கு:
'குகைப் பகுதியில் பயன்பாட்டில் இல்லாத ஓடையை மூடி
வாகன நிறுத்துமிடம் அமைத்தல்.'
மாமன்றத்தில் ஒரே மூச்சில் நிறைவேறியது.
மேசை தட்டும் ஓசையில்
ஓடை போனது யாருக்கும் கேட்கவில்லை.
பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் எழும்புவதைக்
கோப்பு சொல்லவில்லை.
கோப்புகள் பக்கத்தில் பார்ப்பதில்லை.

சௌடேஸ்வரி, ஜெராக்ஸ் கடைக்காரி.
ஊரார் பட்டாவையும் இறப்புச் சான்றையும்
கண்ணாடி மேல் கவிழ்த்துக் கவிழ்த்து
எழுத்தைத் தலைகீழாகவும் படிக்கப் பழகியவள்.
கோப்பின் நகலை மனுப் போட்டு வாங்கினாள்.
"பக்கத்துக்கு ரெண்டு ரூபாயா? எங்கிட்ட ஒண்ணுதான்"
என்றாள், ரசீதை மடித்தபடி.

தீர்மானத்தைத் திரும்ப எடுக்க
பத்து நாளைக்குள் மூன்று உறுப்பினர் கையெழுத்து வேண்டும்.
முதலாமவர் எதிர்க்கட்சி, கேட்டதும் போட்டார்.
இரண்டாமவர் மனைவியைக் கேட்டுவிட்டுப் போட்டார்.
மூன்றாவது கையெழுத்தின் மேல் இன்னும் இருக்கிறது
சவரக்கடை நுரை, காய்ந்த வட்டமாய்.
பத்தாம் நாள், மணி ஐந்தடிக்கப் பத்து நிமிடம்.
முத்திரை குத்தியவன் நான்.

குழுவின் முன் அவள் வைத்தாள்
சமையல் சிலிண்டரின் படம் ஒன்று,
அதன் கழுத்தில் போன ஐப்பசியின் சேற்றுக் கோடு.
தையல்காரர் டேப்பால் அளந்த ஓடையின் அகலம்,
நான்கடி ஒன்பது அங்குலம்.
"எங்க தெரு மழை அதுல இறங்கித்தான்
திருமணிமுத்தாறு போகுது. மூடிட்டா
எங்க வீட்டு வழியாத்தான் போகும்."

உதவிப் பொறியாளர் இளம்பரிதி தொண்டையைச் செருமினார்.
"நேரில் ஆய்வு செய்தோம். நீரோட்டம் இல்லை."
"எப்போ சார்?"
கோப்பைப் புரட்டி ஒரு தேதி படித்தார்.
ஆடி மாதம். மாலை ஆறு மணி.

"அன்னைக்கு வண்டி வேடிக்கை சார்."

ஒருவர் விரல் விட்டு எண்ணினார்.
ஒருவர் காலண்டரைத் தேடினார்.
"சாமி வேஷமெல்லாம் வண்டி வண்டியா வந்த தெரு.
ஓடை மேல பலகை, பலகை மேல சனம்.
உங்களுக்கு மட்டும் தண்ணி எப்படித் தெரிஞ்சுது?"

ஆளுங்கட்சி அய்யண்ணன் அதுவரை
போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
தலை தூக்காமலே சொன்னார்:
"அன்னைக்கு நான் நரசிம்மர்.
ரெண்டாவது வண்டி. மடியில இரணியன் வேற.
மேலருந்து பார்த்தேன், தலைதான் தெரிஞ்சுது.
வெறும் தலை."
சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது
சொல்லிவிட்டோம் என்று.
பொறியாளர் தண்ணீர் குடித்தார்.

தலைவர் அம்மா என் பக்கம் திரும்பி
"இதெல்லாம் எழுத வேண்டாம்" என்றார்.

தீர்மானம் ரத்தாகவில்லை.
மீண்டும் கள ஆய்வு செய்து அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டுமாம்.
மூன்று மாதம் கிடைத்திருக்கிறது ஓடைக்கு,
அல்லது மண்டபக்காரருக்கு.
ஜெயித்தவள் போல் நடக்கவில்லை சௌடேஸ்வரி.
மிஷினை அணைக்காமல் வந்துவிட்டாளாம்,
ஓடினாள்.

இரவு குறிப்பைத் தட்டச்சு செய்தேன்.
'விவாதிக்கப்பட்டது' என்று அடித்தேன்.
அழித்தேன்.
மறுபடி அடித்தேன்.
மகள் வந்து விளக்கை அணைக்கவா என்றாள்.
பிறகு அந்த இடத்தில்
'ஆய்வு நாளன்று தலைகள் மட்டுமே தென்பட்டதாக
உறுப்பினர் திரு. அய்யண்ணன் தெரிவித்தார்'
என்று ஒரு வரி.
காலையில் தலைவர் கையெழுத்து
படிக்காமல் விழுந்தது, எப்போதும் போல.

பத்தரை மணிக்கு அவள் வந்து
அந்தக் குறிப்புக்கு நகல் கேட்டாள்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றேன்.
சில்லறையாகவே வைத்திருந்தாள்.