ஏழு படுக்கை விரிப்புகள்

கோப்பு வந்தபோதே கயிறு இற்றிருந்தது.
"மூடிக் கட்டிவிடும்" என்றார் பிரதம லிகிதர்.
லேயாள் பாக்கியமணி, தாதி.
போன மாசியில் இறந்திருக்கிறாள்.
இனி ஓய்வூதியம் இல்லை.
ஒரு கையொப்பம், ஒரு முத்திரை,
என் வேலை அவ்வளவே.

பெயர் மூன்று விதமாய் எழுதப்பட்டிருக்கிறது.
இதில் வியக்க ஒன்றுமில்லை.
இன்று காலை மருதானைச் சோதனைச்சாவடியில்
என் பெயரையும்
இருமுறை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள்.

நாற்பத்திரண்டு, உயிர்த்த ஞாயிறு.
கோயிலுக்குப் போகச் சேலை உடுத்தி நின்றவள்
துறைமுகப் பக்கம் புகை கண்டு
அதே சேலையோடு
பெரியாஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள்.
(சீருடை அணியாமை: எச்சரிக்கை. பக்கம் பதினொன்று.)

லொறிகளில் வந்தவர்களில்
துரைமாருக்குக் கட்டில் இருந்தது.
கப்பலில் மூட்டை இறக்கியவர்களுக்கு
விறாந்தைச் சீமெந்துத் தரை,
பெயருக்குப் பதிலாய் இலக்கம்.
இருவருக்கு ஒரே இலக்கம் விழுந்ததில்
ஒருவனுக்கு மோர்பியா இருதரம் ஏறிற்று.
அவனுக்கு விடியவில்லை.

அன்றிரவு அவள்
அதிகாரிகள் வார்டு அலுமாரியைத் திறந்து
ஏழு விரிப்புகளைக் கிழித்தாள்.
பாதி, காயங்களுக்கு.
மீதியை விரலகல நாடாவாக்கி
ஊதா மருந்தில் தீக்குச்சி தோய்த்து
பெயர், ஊர், ஊசி போட்ட நேரம்
எழுதி எழுதி மணிக்கட்டுகளில் கட்டினாள்.
பேச முடியாதவனுக்கும் ஒன்று.
அது மட்டும் கோப்பில் இருக்கிறது, ஊதா மங்கி:
"இடக்காதில் கடுக்கன். தண்ணீர் கேட்டான்."

மேலிடம் விளக்கம் கேட்டது.
"ஏழு தேவைப்பட்டன. இன்னும் மூன்று
இருந்திருந்தால் நல்லது" என்று எழுதியிருக்கிறாள்.
பிடித்தம்: விரிப்பொன்றுக்கு நான்கு ரூபா இருபது சதம்,
மாதம் ஒன்றாய் ஏழு தவணை.

அடுத்த தாள், எல்லா வார்டுகளுக்கும் சுற்றறிக்கை.
நோயாளர் ஒவ்வொருவருக்கும் மணிக்கட்டில் பட்டி,
ஒரு விரல் நுழைய இடம்விட்டுக் கட்டுக.
யார் தொடங்கியது என்று அதில் இல்லை.
தவணை இன்னும் நான்கு பாக்கி.

போன வருடம் என் மகள் பிறந்தபோது
பயற்றங்காய்ப் பருமன் கையில்
தாயின் பெயரோடு ஒரு பட்டி.
எப்போதிருந்து இது, என்று கேட்டேன்.
"எப்பவும் இருக்கிறதுதானே"
என்றாள் மிஸ்ஸி, நடந்துகொண்டே.

யுத்த காலச் சேவை தற்காலிகம்.
ஓய்வூதியக் கணக்கில் சேராது.
அது சட்டம்; நான் சிறு லிகிதன்.

மதியச் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல்
இருபத்தொன்பது ரூபா நாற்பது சதத்துக்கு
ஐம்பது வருட வட்டி போட்டுப் பார்த்தேன்.
தொகை வந்தது.
எழுதத்தான் எந்தப் படிவத்திலும் நிரல் இல்லை.

மூன்று பெயர்களில்
அவள் கையொப்பத்தோடு ஒத்ததை
அட்டையில் எழுதினேன்.
புதுக் கயிறு எடுத்துக் கட்டினேன்,
ஒரு விரல் நுழைய இடம்விட்டு.