ஆட்டிப் பார்த்தல்

கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம் என்றேன்.
மலிவு, போதும் என்றாள் கஜனி.

பீல் நகரம், ஐந்தாம் மாடி வீட்டுக்குக் கீழே
சைக்கிள் நிறுத்துமிடம். காலை ஐந்தரை.
கூடாரத் துணி இடப்பக்கப் பையில்,
அடுப்பும் அரிசியும் வலப்பக்கம்.
தூக்கிப் பார்த்து, "உங்கட பக்கம் கனம்" என்றாள்.
அரைக்கிலோ பருப்பு பக்கம் மாறியது.
கரியரின் குறுக்கே படுக்கைச் சுருள்களை
நான் பட்டியால் இரண்டு சுற்றுச் சுற்றி
வார் நுனியைச் செருகினேன், ஆரக்கம்பியில் சிக்காதபடி.
அவற்றின் மேல் கூடாரக் கம்பிகளை வைத்து
அவள் கொக்கியை இழுத்து மாட்டினாள்.
டப்.
அவ்வளவுதான்.

பொதியைப் பிடித்து ஆட்டினேன்.
பொதியோடு சைக்கிளும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி.
ஆடியது. சரி என்றேன்.

ஆரே ஆற்றங்கரை. கோதுமை இன்னும் பச்சை.
கிரென்ஹென் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்
டக் டக் டக்.
இறங்கிக் குனிந்தேன். சட்டியா? மூடியா?
ஏறினால் மறுபடி டக் டக் டக் டக்.
மூன்றாம் முறை என் இடுப்பு பெல்ட்டையும் கழற்றி
அடுப்பின் மேல் இறுக்கினேன்.
கஜனி ஒன்றும் பேசாமல் மேலே கைகாட்டினாள்.

கூரை முகட்டில் செங்கால் நாரைகள்
அலகை அலகால் அடித்துக்கொண்டு.
அல்ட்ரெய் வந்திருந்தது.
கூரைக்கொரு சுள்ளிக் குவியல்,
ஒரு முடிச்சும் இல்லாமல்.

முகாமில் இறக்கினோம்.
துணி இருந்தது. முளைகள் இருந்தன. பருப்பு கூட.
கம்பிகள் இல்லை.
கொக்கி மட்டும் கரியரில்
ஒன்றையும் பிடிக்காமல் இறுகப் பிடித்தபடி.

எங்கே விழுந்தன? ரயில் கடவையிலா, சரளைக்கல்லிலா?
சத்தமே போடவில்லை.
நான் காது கொடுத்திருந்தது வேறெதற்கோ.

"சொன்னேன்தானே" வாய்வரை வந்தது.
மாட்டியது அவள்.
ஆட்டிப் பார்த்துச் சரி சொன்னது யார்?

மழை இருட்டிக்கொண்டு வர
சைக்கிள்கள் இரண்டையும் தலைகீழாய் நிறுத்தி
சக்கரத்துக்குச் சக்கரம் பட்டி இழுத்தோம்.
போதாத இடத்துக்கு என் பெல்ட்.
அதன் மேல் துணி.
பக்கத்துக் கூடாரத்து உர்ஸ் செருப்போடு வந்து
நெடுநேரம் பார்த்துவிட்டு
ஒரு சுத்தியலைத் தந்துவிட்டுப் போனார்.

இரவு. பெடல் ஒன்று என் விலாவில்.
தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.
கை நீட்டி, தலைக்கு மேல் ஓடிய பட்டியை
பிடித்து ஒருமுறை ஆட்டினாள்.
வீடு முழுக்க ஆடியது.

"சரி" என்றாள்.