அடிப்பாரம்

புயல் கழற்றிப்போன கூரைகளுக்கு
விலை போடுவது என் வேலை.
டாம்பாவிலிருந்து வந்தேன். பதினோரு வீடு பார்த்து முடித்தேன்.
கையில் மூன்று நாள் மிச்சம்.

கிறிஸ்டியன்ஸ்டெட்.
கொடி அமெரிக்காவுடையது, கார்களும்.
ஸ்டீயரிங் இடப்பக்கம், ஓட்டுவதும் சாலையின் இடப்பக்கமே.
ஏன் என்றேன்.
"கழுதைகள் அப்படிப் போய்ப் பழகிவிட்டன, மிஸ் மங்கை."
மங்கையர்க்கரசியில் மங்கைதான்
டாக்சிக்காரர் பீட்டர்சனின் நாக்கில் ஏறியது.
அரசியை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டார்.

துறைமுகத்தில் மஞ்சள் கோட்டை,
பத்திரிகை ஓரத்தில் தடவிய கல்யாண மஞ்சள்.
எதிரே தெருவின் பெயர் டேனிஷில்: ராஜா தெரு.
இதே டேனிஷ்காரன்
தரங்கம்பாடியிலும் ஒரு ராஜா தெரு போட்டிருந்தான்.
எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் அதில் நடந்திருக்கிறேன்.
நினைவில் நிற்பது கோட்டையல்ல,
அலை கொண்டுபோன இடதுகால் செருப்பு.

வளைவு நடைபாதைகளில் வெளிறிய செங்கல்.
வரும்போது கப்பல் ஆடாதிருக்க
அடியில் அடுக்கிய பாரமாம்.
திரும்பும்போது அதே இடத்தில் சர்க்கரை மூட்டை.
ஆப்பிரிக்கக் கரை தொட்டு வந்த கப்பல்களில்
யாரை அடுக்கினார்கள் என்பதை
நிலவறைச் சுவரோரம் நின்று நான் படித்துக்கொண்டிருந்தபோது
பீட்டர்சன் வெளியே போய்விட்டார்.
பீட்டர்சன் யார் வைத்த பெயர் என்று நான் கேட்கவில்லை.
அவரே சொன்னார்:
"ரசீதில் இருந்த பெயர்."

மறுநாள் பக் தீவு.
கண்ணாடி மாட்டிக் கவிழ்ந்து மிதந்தால்
கடலுக்கடியிலும் அறிவிப்புப் பலகை!
மான்கொம்புப் பவளம், பாதி ஒடிந்து, வெளுத்து.
தொழில்புத்தி போகுமா,
மாற்றிக் கட்ட எவ்வளவு என்று மனம் கணக்குப் போட்டது.
நீலமீன் ஒன்று என் கண்ணாடியை முட்டிப் பார்த்துவிட்டு
படிவம் எதையும் நிரப்பாமல் போனது.

மாலை, மேற்குக் கரையில் ஃப்ரெடரிக்ஸ்டெட்.
நண்டு போட்ட கீரைக்குழம்பு,
தொட்டுக்கொள்ள பூரிக்குச் சித்தப்பா மாதிரி ஒரு ரொட்டி.
கை கழுவிவிட்டுச் சிவப்புக் கோட்டைக்குப் போனோம்.
1848, ஜூலை.
இரவெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் சங்கு ஊதி
ஆயிரக்கணக்கில் இங்கே திரண்டு வந்து நின்றிருக்கிறார்கள்.
கவர்னர் வந்து
விடுதலை என்று சொல்லும்வரை நகரவில்லை.
எங்கள் தெருவில் சாவுக்குத்தான் சங்கு என்றேன்.
"இங்கேயும் அப்படித்தான்" என்றார்.
"செத்தது வேறு."

மூன்றாம் நாள், இருட்டோடு கிழக்குக் கோடிக்கு.
அமெரிக்காவுக்கு இங்கேதான் முதலில் விடிகிறதாம்.
கள்ளிச்செடி, காற்று, பிளாஸ்கில் காப்பி.
"எங்களை விற்றது 1917-இல்" என்று ஆரம்பித்தார்.
"மூன்று தீவும் சேர்த்து இரண்டரைக் கோடி டாலர். தங்கமாக."
எங்களை 1845-இல் என்றேன்.
இங்கிலீஷ்காரனுக்கு, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்,
செராம்பூரும் சேர்த்து.
"சேர்த்தா?"
சேர்த்து.
விசிலடித்தார். "மலிவு."
உப்புக்காற்று, தேய்மானம் கழித்திருப்பார்கள் என்றேன்.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
அப்புறம் அவர் கேட்டார்,
உங்கள் ஊரில் யாரையாவது கேட்டார்களா என்று.

சூரியன் வந்தது.
முதலில் வந்ததற்கான அடையாளம் எதுவும் அதில் இல்லை.

கிளம்பும்போது ஏர்போர்ட்டில் சுங்கச் சோதனை.
எங்கிருந்து வருகிறீர்கள்?
அமெரிக்காவிலிருந்து.
எங்கே போகிறீர்கள்?
அமெரிக்காவுக்கு.
அதிகாரி சிரிக்கவில்லை.
கொண்டுபோகும் பொருள்: ரம் ஒரு பாட்டில், மிளகாய்ச் சாறு.
மதிப்பு: பத்தொன்பது டாலர்.

செருப்பைக் கழற்றிப் பெல்ட்டில் வைத்தேன்.
இரண்டும் இருந்தன.
இடதில் மட்டும் மணல்.